விருந்தாக வந்த வில்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் பாசஞ்சர் வண்டி, சென்ற பங்குனித் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் பாறசாலை நிலையத்தில் வந்து நின்றது. ஆறு பேர் இறங்கினர். அவர்தம் பெட்டிகள் இறங்கின. வைக்கோற் புரியிற் சுற்றிய மண்குடம் ஒன்று, கைக்குழந்தையைப்போல் ஒருவர் மார்பில் அணைக்கப்பட்டு இறங்கிற்று. ஒன்று மட்டும் இறங்க மறுத்தது. பழஞ்சேலையால் பொதியப்பெற்று, ஆள் உயரத்திற்கு ஏறக்குறைய இருமடங்கு நீண்டு வளைந்திருந்த அது, பெட்டியின் வாயிலிற் குறுக்கே மாட்டிக்கொண்டது. உள்ளிருந்த பயணிகள் இருவர் கைகொடுக்க, கார்டு பொறுமையுடன் கொடியைத் தாழ்த்தி நிற்க, ஒருவாறு அது நடைமேடையை அடைந்தது.

பத்தாண்டுகளாக ரயில்வேயில் எழுத்தராக இருந்து, பொதிகளை நிறுத்துச் சீட்டெழுதிப் பழகிய நம் கண், வழக்கம்போல் "இஃது எத்தனை கிலோ இருக்கும்?" என்றே முதலில் எண்ணிற்று. பின்னரே வெட்கமுற்றோம். வந்தது வில்லுப்பாட்டின் வில். வந்தவர்கள் நம் ஊர் அம்மன் கோயிற் கொடைக்கு விருந்தினராக அழைக்கப்பெற்ற பாடகர்கள். அவர்களை எதிர்கொண்டு அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டிருந்தது. அப்பொறுப்பை முழுமனத்துடன் ஏற்றோமா எனில், இல்லை என்பதே உண்மை. அதன் காரணத்தைச் சொல்லுமுன் இவ்வூர்களின் நிலையைச் சிறிது கூறவேண்டும்.

வாசக அன்பர்களுள் பலர் இவ்வெல்லையைக் கடந்திருப்பீர்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என ஊர்கள் தொடரும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இவை யாவும் ஒரே அரசின் கீழ் இருந்தன. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததேயன்றி உறவு அறவில்லை. பெண் கொடுப்பதும் கொள்வதும், சந்தைக்குச் செல்வதும், குலதெய்வத்திற்குப் பொங்கலிடுவதும் இன்றளவும் எல்லையைக் கடந்தே நடைபெறுகின்றன. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பெற்ற நெசவாளர்களின் வழியினர் பாலராமபுரத்தில் இன்றும் வாழ்கின்றனர். 1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை திறக்கப்பெற்றபின், நம்மைப்போல் உத்தியோகத்தின் பொருட்டு வந்து குடியேறியோர் தொகையும் பெருகிற்று. ஆனால் நம் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலுமே. வீட்டில் தமிழ் பேசுவர். தமிழ் எழுத்தைக் கண்டால் விழிப்பர்.

இக்காரணம் பற்றியே, கொடைக்கு என்ன நிகழ்ச்சி வைப்பது என்று விழாக் குழு கூடியபொழுது, நாம் கானமேளாவின் பக்கம் பேசினோம். "வில்லுப்பாட்டு நமக்கு விளங்கும், பிள்ளைகளுக்கு விளங்குமா? மலையாள அன்பர்களுக்கு விளங்குமா? வெறும் பந்தலின்முன் பாட விருந்தினரை அழைத்து அவமதிக்கலாமா?" என்று வாதித்தோம். இரண்டையும் நடத்தப் பணம் இல்லை. குழுவிற் பாதிப்பேர் நம்மோடு இருந்தனர். அப்பொழுது, ஆண்டுதோறும் முதல் வரி கொடுக்கும் மூதாட்டி ஒருவர் எழுந்து, "அம்மைக்கு வில்லு இல்லாத கொடை கொடையில்லை, மக்கா. பாட்டு நமக்கா, அவளுக்கா?" என்று கேட்டு அமர்ந்தார். விடை கூற எவருக்கும் நா எழவில்லை. வில்லே முடிவாயிற்று. எதிர்த்துப் பேசியவரே எதிர்கொண்டழைக்கவேண்டும் என்று தண்டனைபோல் நம்மை நியமித்தனர்.

மாலையில் வில்லைப் பூட்டும் காட்சியை அருகிருந்து கண்டோம். வைரம் பாய்ந்த பனையைச் செதுக்கிய தண்டு. இரு முனைகளையும் இழுத்துக் கட்டிய நாண். தண்டின் நெடுகிலும் தொங்கும் வெண்கல மணிகள். வில்லின் நடுப்பகுதி மண்குடத்தின் கழுத்தோடு பிணைக்கப்படுகிறது. நடுவில் அமரும் தலைமைப் பாடகர், வீசுகோல் எனப்படும் இரு கோல்களால் நாணைத் தட்டுகிறார். மணிகள் யாவும் ஒருங்கே குலுங்குகின்றன. ஒருவர் குடத்தின் வாயிற் பாளைமட்டையால் அறைய, அடிவயிற்றிலிருந்து எழுவதுபோன்ற ஒலி பிறக்கிறது. உடுக்கு, தாளம், கட்டை ஆகியன உடன் சேர்கின்றன. தலைவருடன் சேர்ந்து கதையை நடத்துவோர் வலப்புறத்தார். அதனை வாங்கிப் பாடுவோர் இடப்புறத்தார். வந்திருந்த குழுவின் தலைவர் அறுபதைக் கடந்தவர். குடம் அடிப்பவர் அவருடைய மகளார். ஊரார் அவரை "அண்ணாவியார்" என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

எக்கதையைப் பாடுவது என்ற பேச்சில்தான் இடர் முளைத்தது. அம்மன் கதைக்குப்பின் தம்பிமார் கதையைப் பாடலாம் என்றார் அண்ணாவியார். குழுவிற் சிலர் முகம் மாறினர். காரணத்தை வாசகர் அறிதல் நன்று.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கள் தாய முறைப்படி அரசுரிமை சகோதரியின் மகனுக்கே சென்றது. அரசர் பெற்ற மக்களுக்கு இல்லை. இராமவர்ம மன்னரின் மக்களாகிய தம்பிமார் இருவரும், அவர்க்குப்பின் 1729-இல் அரசேற்ற மருமகன் மார்த்தாண்டவர்மரும் பகைத்தனர். தம்பிமாரின் தங்கையை மார்த்தாண்டவர்மர் மணங்கேட்டதும், அவளுக்குப் பிறக்கும் மகனுக்கே அரசு வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்க மறுத்ததும் பகைக்கு வித்தாயின என்று கதை கூறும். முடிவில் தம்பிமார் கொல்லப்பட்டனர். பகைவர் துரத்திய நாட்களில் மார்த்தாண்டவர்மர் ஒளிந்திருந்து உயிர்தப்பியதாகக் கூறப்படும் பலாமரத்தின் பொந்துடைய அடிமரம், நம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்திலேயே "அம்மச்சிப் பிலாவு" என்ற பெயருடன் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அரசர் கதையை 1891-இல் சி. வி. இராமன் பிள்ளை "மார்த்தாண்டவர்மா" என்னும் புகழ்பெற்ற மலையாள நாவலாக்கினார். அரசரைக் காத்த மரம் நிற்கும் ஊரில், அரசரால் மாண்டோரைப் புகழ்ந்து பாடுவதா? அதுவும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் பாடுவதா? மலையாள அன்பர்கள் என்ன நினைப்பார்கள்? குழுச் செயலாளர் இதனைத் தயங்கித் தயங்கி வெளியிட்டார்.

அண்ணாவியார் சினந்தாரல்லர். வெற்றிலையை மடித்தவாறே, "தம்பி, ஆண்டவர்களைப் பாட அரண்மனையில் ஆள் இருந்தது. எங்கள் வில்லு அடிபட்டுச் செத்தவர்களைப் பாட வந்தது. இதில் அரசருக்கு ஏசலும் இல்லை. பெற்ற தாயின் அழுகையைப் பாடுகிறோம்; அழுகைக்கு எந்த ஊர்க்காரர் கோபிப்பார்?" என்றார். அருகிலிருந்த மலையாளப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இதைக் கேட்டுச் சிரித்து, "சிறுவயதில் என் தந்தையார் தோளிலிருந்து இக்கதையைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வில்லடிச்சாம் பாட்டும் இதுதானே? பாடட்டும்" என்று மலையாளத்தில் மொழிந்தார். தடை அகன்றது.

இரவு ஒன்பது மணிக்குக் காப்பு விருத்தம் எழுந்தபொழுது பந்தலில் நாற்பது பேருக்கு மேல் இல்லை. நம் ஐயம் மெய்யாயிற்றென்று ஓர் அற்ப மகிழ்ச்சியும், அதைவிடப் பெரிய துயரமும் நம்முள் ஒருங்கே தோன்றின. அண்ணாவியார் ஆளை எண்ணவில்லை. காப்பின்பின் வருபொருள் உரைத்தார், குருவடி பாடினார், அவையடக்கம் கூறினார், நாட்டுவளம் பாடிக் கதைக்குள் புகுந்தார். மரபின் படிகளில் ஒன்றையேனும் அவர் தாண்டவில்லை. கதை சூடேறச் சூடேற ஆட்கள் வந்துகொண்டேயிருந்தனர். தின்பண்டக் கடைகளின் பக்கம் நின்றிருந்த இளைஞர் வந்து தூணில் சாய்ந்தனர். பின்னர் அமர்ந்தனர். நள்ளிரவில் தம்பிமாரின் இறப்பை அண்ணாவியார் பாட, அவர் மகளாரின் குடம் அடங்கி அடங்கி ஒலித்த வேளையில், பந்தலில் இடமில்லை. பெண்டிர் பகுதியில் விம்மல் கேட்டது. அழுதவர்களுள் தமிழர் யார், மலையாளியர் யார் என்று பிரித்தறிய நம்மால் இயலவில்லை.

விளங்காது என்று நாம் வாதித்தது எங்ஙனம் பிழைத்தது? பின்னர் ஆராய்ந்து பார்த்தோம். இத்தென்கோடியின் கதைப்பாடல்கள் தமிழும் மலையாளமும் பிரியாது பயின்ற மக்களிடையே பிறந்தவை. அவற்றை மலையாள அறிஞர் "தெக்கன் பாட்டுகள்" என்று போற்றுவர். நம் அறிஞர் தமிழ்க் கதைப்பாடல் என்பர். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் மதுரைத் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்து வீழ்ந்த வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளையின் பாட்டும் இத்தகையதே. மதுரைப் படையோடு பொருது மாண்ட வேணாட்டு வீரனைத் தமிழ் வில் பாடுகிறது. எவரும் அதனை அயல் என்று எண்ணியதில்லை. கோட்டை நாம் மனத்திலும் வரைந்துகொண்டதே குற்றம்.

இக்கலையின் பெருமையை உலகறியாததன்று. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லைக் கையிலேந்திக் காந்தியடிகள் கதையைப் பாடினார். அவரால் ஊக்குவிக்கப்பெற்ற சுப்பு ஆறுமுகம் வில்லிசையைச் சென்னை மேடைகளுக்குக் கொண்டு சென்று, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் தமது 94-ஆம் வயதில் மறைந்தார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர், நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் இரவெல்லாம் விழித்திருந்து கற்று, 1988-இல் இதுபற்றி ஆங்கில நூல் வெளியிட்டார். கடல் கடந்து வந்தவர் விழித்திருந்த பந்தலில், நாம் கானமேளா கேட்டோம்.

விடியற்காலை வாழி பாடி முடிந்ததும், ஒன்பது வயதுள்ள நம் மகள் கண்ணைக் கசக்கியவாறு, "அப்பா, அவரை ஏன் எல்லாரும் அண்ணாவி என்கிறார்கள்?" என்று கேட்டாள். "ஆசிரியர் என்று பொருள், அம்மா. முற்காலத்தில் திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கற்பித்தவரை அவ்வாறு அழைத்தனர்" என்றோம். அவள் சிறிது யோசித்து, "அப்படியென்றால் இவருடைய பள்ளிக்கூடம் எங்கே?" என்றாள்.

அவ்வினாவை நாம் அண்ணாவியாரிடமே கூறினோம். அவர் நகைத்தார், பின் தம் பையிலிருந்து பழுப்பேறிய கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் தந்தையார் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய கதைகள் அதில் இருந்தன. "முன்னே இந்தப் பக்கத்துக் கொடைகளுக்கே மாதக்கணக்கில் வருவோம். இப்போது விரல்விட்டு எண்ணலாம். கூப்பிட்டால் என் மகள் வருவாள். அவளுக்குப் பிறகு யார் என்று எனக்குத் தெரியாது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குரல் இருக்கிறது, தாளம் இருக்கிறது. இதை வாசிக்கத் தெரிந்த பத்துப் பிள்ளைகளைத் தாருங்கள், அடுத்த கொடைக்கு ஒரு வாரம் முன்னதாக வந்து, பணமில்லாமல் கற்றுக்கொடுக்கிறேன்" என்றார்.

பத்துப் பிள்ளைகள்! நம் ஊரில் தமிழ் பேசும் இல்லங்கள் அறுபதுக்கு மேல் உள. எண்ணிப் பார்த்ததில், அப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கவல்ல பிள்ளைகள் இருவர் மட்டுமே. அவ்விருவருள் நம் மகள் இல்லை. பிறர்க்குச் சீட்டெழுதும் கை, தன் வீட்டில் ஓரெழுத்தும் எழுதிக் காட்டவில்லை.

சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, கோயிலின் பின்புறத் திண்ணையில் காலை எட்டு மணிக்கு எழுத்து வகுப்பு நடைபெறுகிறது. மெட்ரிகுலேஷன் அளவே படித்த நாம் புலவரல்லோம்; அகரம் முதல் னகரம் வரை கற்பிக்கப் புலமை வேண்டுவதில்லை. இன்று ஏழு பிள்ளைகள் வருகின்றனர். ஓய்வுபெற்ற அம்மலையாள ஆசிரியரின் பேரனும் அவர்களுள் ஒருவன். இன்னும் மூவர் தேவை. கொடைக்குப் பத்துத் திங்கள் உள்ளன.

எல்லையின் இப்புறத்தும், இன்னும் தொலைவிலும் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. நும் ஊர் விழாவிற்கு வரி கொடுக்கும் நாளில், "இவ்வாண்டு வில் உண்டா?" என்று ஒருமுறை கேளுங்கள். வரும் கலைஞர்க்கு நல்லுணவும், படுக்க நல்லிடமும், பேசிய தொகையைப் பேசிய நாளிலும் அளியுங்கள். அதனினும் முன்னதாக, வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு பலகையைக் கொடுங்கள்.

திரும்பும் வண்டியில் வில்லை ஏற்றும்பொழுது, நடைமேடையிலிருந்த பிள்ளைகளே முன்வந்து ஒரு முனையைத் தாங்கினர். இம்முறை அது வாயிலில் மாட்டவில்லை.