கெர்னல் கதைகள் – 17: விரிக்க இடமில்லாத பாய்

ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த ஜிஎன்யூ திட்டத்தில் கம்பைலர், எடிட்டர், ஷெல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நடுநாயகமாக இருக்க வேண்டிய கெர்னல் மட்டும் வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1990-இல் தொடங்கியதுதான் ஹர்டு. இன்னமும் அது சோதனை நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் நான் படித்த இயங்குதளங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான்.

ஹர்டில் ஃபைல் சிஸ்டம் கெர்னலுக்குள் கிடையாது. அடியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த மாக் என்ற சின்ன கெர்னல். ஃபைல்களைப் பார்த்துக்கொள்வது அதன் மேல் ஓடும் சாதாரண புரோகிராம். அதற்கு டிரான்ஸ்லேட்டர் என்று பெயர்.

எக்ஸ்ட்2 என்ற ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்குகளுக்கான டிரான்ஸ்லேட்டரை எழுதியவர்கள் ஓர் அழகான வழி கண்டார்கள். பார்ட்டிஷன் முழுவதையும் டிரான்ஸ்லேட்டரின் மெமரி முகவரிகள் மேல் பாய்போல விரித்துவிடுவது. அத்தனையும் ரேமில் வந்து உட்காராது. தொட்ட பக்கம் மட்டும் அந்த நேரத்தில் டிஸ்க்கிலிருந்து வரும். 500-ஆம் பிளாக் வேண்டுமா? 500-ஐ பிளாக்கின் அளவான 4096-ஆல் பெருக்கு, 20,48,000. தொடக்க முகவரியோடு கூட்டு. தேடல் முடிந்தது! இவ்வளவு சுத்தமான கோடு எழுத யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பாய் விரிக்கத் திண்ணை வேண்டுமே. 32 பிட் கணினியில் மொத்த முகவரிகளே 4 ஜிபிதான். அதில் கெர்னலுக்கு ஒரு பங்கு, புரோகிராமுக்கும் அதன் லைப்ரரிகளுக்கும் ஒரு பங்கு. மிஞ்சியதில் சுமார் 2 ஜிபி பாய்தான் விரிந்தது. பார்ட்டிஷன் அதற்குமேல் போனால் ஹர்டு கையை விரித்துவிடும். இத்தனைக்கும் டிஸ்க்கில் குறையே இல்லை. எக்ஸ்ட்2 அமைப்பிலும் இல்லை. அதே டிஸ்க்கில் அதைவிடப் பெரிய பார்ட்டிஷனை லினக்ஸ் தாராளமாகப் படித்தது. தட்டுப்பாடு முகவரிக்குத்தான்.

சில நூறு எம்பி டிஸ்க்கே பெரிதாக இருந்த காலத்தில் 2 ஜிபி எட்டாத உயரம். 2000-க்குப் பிறகு 40 ஜிபி டிஸ்க்குகள் கடைக்கு வந்தன. ஹர்டை ஓட்டிப் பார்க்க விரும்பியவர்கள் அந்த டிஸ்க்கைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டிரான்ஸ்லேட்டரை உட்காரவைக்க வேண்டியிருந்தது.

விடிவு, இயங்குதளங்களைத் தொகுத்து வெளியிடும் டெபியன் குழுவின் பக்கமிருந்து வந்தது. அவர்களுடைய ஹர்டு பேக்கேஜில் முதலில் சேர்ந்த பேட்ச், பிறகுதான் மூலக் கோடுக்குப் போனது. பாய் முழுவதும் விரியாது. ஐநோடு பட்டியல் போன்ற நிர்வாகக் குறிப்புகளுக்கு மட்டும் அளவான ஓர் இடம், தேவைப்படும் பிளாக் அங்கே வந்து போகும்.

வேலை அதோடு முடியவில்லை. முன்பு ஒரு பிளாக்கின் முகவரி என்றைக்கும் மாறாது. இனி, எடுக்கும்போது ‘பிடித்திருக்கிறேன்’ என்று பதிய வேண்டும், முடிந்ததும் ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். விட மறந்தால் இடம் அடைபட்டே கிடக்கும். அவசரப்பட்டு விட்டால் அதே முகவரியில் வேறொரு பிளாக் வந்து உட்கார்ந்திருக்கும், நாம் அதன் மேல் எழுதிக்கொண்டிருப்போம். பெருக்கிக் கூட்டிய ஒவ்வொரு வரியையும் தேடிப்பிடித்து இந்தப் பிடியையும் விடுதலையையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

(தொடரும்)