உங்களுக்குத் தெரியுமா? மெத்தையோடு வரும் அணி
'டூர் த பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் ஜூலை வெயிலில் 21 கட்டங்களாக நடக்கிறது. இரவு எந்த ஓட்டல் என்பதை அமைப்பாளர்களே ஒதுக்குகிறார்கள். சிற்றூர் ஓட்டல்கள் பலவற்றில் ஏசி இருக்காது. உடலின் உட்சூடு சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் வரும். மலையேறிக் களைத்த கால்களுக்கோ தூக்கத்தைவிட நல்ல மருந்து இல்லை.

அதனால் பிரிட்டனின் 'டீம் ஸ்கை' அணி மெத்தை, தலையணை, நகர்த்தும் ஏசி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே ஊர் ஊராகப் போனது. ஏசியின் தடித்த குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டால் அறை குளிர்ந்துவிடும்.

2015 'ஜிரோ டி இத்தாலியா' பந்தயத்தில் அவ்வணியின் வீரர் ரிச்சி போர்ட், ஓட்டலை விட்டுவிட்டு, படுக்கை வசதியுள்ள சொகுசு வேனில் உறங்கினார். பணமுள்ள அணிக்கு மட்டும் நிம்மதியான தூக்கமா? கேள்வி நியாயமானதுதான். அடுத்த மாதமே சர்வதேச சைக்கிள் சங்கம் வேன் தூக்கத்துக்குத் தடை போட்டது.