பழைய சைக்கிளும் பத்துப் படமும்

அநேகமாக எல்லோர் வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய சைக்கிள் இருக்கும். டயரில் காற்று இருக்காது, செயின் துருப்பிடித்திருக்கும், சீட்டின் மேல் பழைய சாக்கு ஒன்று கிடக்கும். "எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?" என்று வருஷா வருஷம் போகிக்கு முன்னால் ஒரு பேச்சு வரும். பொங்கல் முடிந்ததும் அது மறந்து போகும். அப்படி ஒரு சைக்கிள் உங்கள் வீட்டிலும் இருக்கிறதா, சகோதரிகளே? தயவு செய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்கு இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சைக்கிள் ஊர்

அம்பத்தூர் என்றால் இன்றைக்குப் பலருக்கும் அடுக்குமாடி வீடுகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும்தான் நினைவுக்கு வரும். எங்கள் வயதுக்காரர்களுக்கோ அது சைக்கிள் ஊர். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், தன் தொழிற்சாலையை வைத்தது அம்பத்தூரில்தான். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று நம் அப்பாக்களும் அண்ணன்மார்களும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட பெயர்கள் எல்லாம் இந்தக் கம்பெனியின் பெயர்கள்தான். 1960-களில் தொழிற்பேட்டையும் வந்த பிறகு, ஷிப்ட் முடிகிற நேரத்தில் ரோட்டில் மணிச் சத்தம்தான் கேட்கும். பின் கேரியரில் டிபன் தூக்கு, ஹாண்டில் பாரில் மல்லிகைப்பூப் பொட்டலம்!

என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1988-ல் நான் பத்தாவது பாஸ் செய்ததும், போனஸ் பணத்தில் எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். கல்யாணமாகித் திருமுல்லைவாயிலுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது. இரண்டு குழந்தைகள், மாமியார் மாமனார், காலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கும் சமையல்... சைக்கிள் மெல்ல மெல்ல மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. யாரும் அதை ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. ஓட்டும்படியும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரம்மா சொன்னது

ஐம்பது வயது தாண்டியதும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்று அர்த்தமாம். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் இரண்டை எடுக்க வேண்டி வந்தது. அந்தக் கட்டை மாற்றியவள் நான்தான். அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

"தினமும் நடங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

"நடந்தா முட்டி வலிக்குது டாக்டர்."

"அப்போ சைக்கிள் மிதிங்க. உடம்பு பாரத்தை சீட் தாங்கிக்கும். முட்டிக்கு அவ்வளவு சிரமம் இருக்காது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "பேரன் பேத்தி எடுக்கப் போற வயசுல சைக்கிளா? தெருவுல நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நாலு பேர் வந்து ஊசி போட்டுக்குவாங்களாம்மா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பழசைப் புதுசாக்க

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்த இரும்பு இப்ப வராதும்மா. ஓவராயிலிங் பண்ணிட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்றார். இரண்டு டயர், இரண்டு ட்யூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் புதிது. சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, எல்லாமாக ரூ. 2,400 ஆயிற்று. புது சைக்கிள் விலையில் கால் பங்கு கூட ஆகவில்லை.

நீங்களும் பழைய வண்டியை எடுப்பதாக இருந்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். கட்டை தேய்ந்திருந்தால் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். அடுத்தது சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் முட்டி அதிகமாக மடங்கி வலி எடுக்கும். வாரம் ஒரு தடவை காற்று அடித்து, மாதம் ஒரு தடவை செயினைத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அதற்காகச் சமையலறைத் தேங்காய் எண்ணெயை விடாதீர்கள், பிசுக்குப் பிடித்து மண் ஒட்டும்!

எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

முதல் வாரம் பத்து நிமிஷம்தான். தொடை இரண்டும் உரலில் போட்டு இடித்த மாதிரி வலித்தது. மெல்ல மெல்ல அரை மணிக்கு வந்தேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமாக உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தினம் அரை மணியாக ஐந்து நாள் மிதித்தால் கணக்குச் சரியாகிவிடும். மிதமாக என்றால், மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. இதுதான் அளவு.

ஒரு விஷயம். சைக்கிளில் உடம்பு பாரம் காலில் இறங்காததால் முட்டிக்கு நல்லது. ஆனால் எலும்பு உறுதிக்குக் காலில் பாரம் இறங்கும் பயிற்சியும் வேண்டும். அதனால் நான் மாடிப்படி ஏறி இறங்குவதையும் விடவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். பர்ஸில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். படபடப்போ வியர்வையோ வந்தால் உடனே இறங்கி வாயில் போட்டுக்கொள்ள உதவும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமானவர்கள், ஆறு வாரம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே சீட்டில் உட்காருங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் நாள் ஆகலாம். ஒரு வயது ஆகாத குழந்தையை வண்டியில் ஏற்றவே வேண்டாம். பெரிய குழந்தையானாலும் வெறும் கேரியரில் உட்கார வைக்காதீர்கள். கால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்விட்டால் சதையே பிய்ந்துவிடும். பெல்ட்டும் கால் மறைப்பும் உள்ள குழந்தை சீட் வேண்டும்.

காலை ஆறு மணி வெளிச்சம்

வெறுமனே மிதித்தால் நாலு நாளில் அலுத்துவிடும், இல்லையா? எனக்கு அலுக்காததற்குக் காரணம் போட்டோ. காமிரா என்று தனியாக ஒன்றும் இல்லை, கையிலிருக்கும் மொபைல்தான். எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்துப் படம், அதற்கு மேல் கிடையாது. அந்தக் காலத்தில் 36 படம் உள்ள பிலிம் ரோலை ஒரு கல்யாணம் முழுக்க வைத்துக்கொண்டோமே, அது மாதிரி. பத்துதான் என்றால் கண் தானாகவே பார்த்துப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்துவிடும்.

எங்கள் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? சுற்றிலும் ஏரிகள்! அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து 2019-ல் நடைபாதையோடு பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் காலை ஆறரை மணிக்கு வேலைக்கு வந்துவிடும். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோவிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகப் போவதற்காகத் திரும்பியது என்பார்கள். கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள். உள்ளே படம் எடுக்க வேண்டாம், தரிசனம் செய்துவிட்டு வெளியே வந்து கோபுரத்தை எடுங்கள். பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் நானுமாக அங்கே போய்வந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் டி.வி.யில் மணிக்கொரு தரம் அடிபட்ட பெயர் அல்லவா! கண்ணுக்கெட்டிய வரை தண்ணீரைப் பார்த்தபோதுதான் அதன் அளவு புரிந்தது.

ஒரே ஏரியை மாதம் ஒரு தடவை அதே இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறுவது, வற்றுவது, ஆகாயத்தாமரை படர்வது, கரையோரம் கட்டட இடிபாடு கொட்டுவது எல்லாம் வரிசையாகத் தெரியும். அப்படி எடுத்த ஆறு படங்களை எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் காட்டினேன். அடுத்த வாரம் அவர்கள் எழுதிய மனுவோடு அந்தப் படங்களும் போயின.

படம் நன்றாக வர நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். லென்ஸை முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் படங்கள் மங்கலாக வருவது எண்ணெய்க் கை பட்டுத்தான். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி நின்றுகொண்டால் முகத்திலும் இலையிலும் மேடு பள்ளம் அழகாகத் தெரியும். வண்டியை ஓரமாக ஸ்டாண்டு போட்டுவிட்டு, இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகே மொபைலை வெளியே எடுக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே எடுப்பது கூடவே கூடாது. ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை என்று பாதுகாப்புத் துறை இடங்கள் நிறைய. அங்கே போட்டோவுக்குத் தடை. போர்டு கண்ணில் பட்டால் மொபைல் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கீரைக்கார ஆயா

ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு ஆயா கீரை விற்பார். தினமும் முளைக்கீரைக் கட்டு ஒன்று வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வருவேன். ஒரு நாள், "ஆயா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "என் மூஞ்சிய எடுத்து என்னா பண்ணப் போற?" என்று பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு எடுத்தேன். மடியில் கீரைக்கட்டு, கன்னத்தில் இளவெயில்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு வாரமாக ஆயாவைக் காணோம். பிறகு ஒரு காலையில் அதே இடத்தில் அவருடைய மகள் நின்றிருந்தார். "சைக்கிள்ல வர்ற அக்கா நீங்கதானே? அம்மா தவறிட்டாங்க. போட்டோ எடுத்தீங்கன்னு சொல்லிட்டிருந்தாங்க. இருந்தா குடுங்கக்கா. ஆதார் கார்டுல இருக்கறது எங்கம்மா மாதிரியே இல்ல" என்றார். அன்றைக்கே கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினாறாம் நாள் அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள்.

அதிலிருந்து யாரைப் படம் எடுத்தாலும் அவர்களுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்துவிடுகிறேன். கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை. மற்றவர் குழந்தைகளின் படத்தை எங்கும் அனுப்புவதும் இல்லை.

நமக்கு முன்னால் மிதித்தவர்கள்

"பெண்பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால் புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், நர்ஸுகள் என்று ஆயிரமாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு! பஸ்ஸுக்காகவும், கொண்டுவிட ஒரு ஆண் துணைக்காகவும் காத்திருப்பது அவர்களுக்குக் குறைந்தது.

போட்டோவுக்கு ஹோமாய் வியாரவாலாவைச் சொல்லுங்கள். 1913-ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக்கொண்டு, கனமான காமிராவோடு டில்லித் தெருக்களில் சைக்கிளில் போய்ப் படம் எடுத்தவர். சுதந்திர தினத்தையும் காந்திஜியின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்த கைகள் அவை. 2011-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. மறு வருஷம் 98-வது வயதில் காலமானார்.

கிளம்புமுன்...

துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். புடவையானால் கொசுவத்தைத் தூக்கிச் செருகி ஒரு பின் குத்துங்கள், செயின் கவர் உள்ள வண்டியாக இருக்கட்டும். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் நல்லது. பின் மட்கார்டில் சிவப்பு ஒளி ஸ்டிக்கர் கட்டாயம். லாரி ஓடும் திருவள்ளூர் ஹைரோட்டைத் தவிர்த்து உள் தெருக்களிலேயே போங்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எட்டு மாதம் கழித்து என் சர்க்கரை 5.8-க்கு இறங்கியிருந்தது. ராத்திரி சோற்றைக் குறைத்ததும் சேர்ந்துதான், எல்லாப் புண்ணியத்தையும் சைக்கிளுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் காலையில் அரை மணி நேரம் எனக்கென்று ஒன்று இருக்கிறது என்ற சந்தோஷத்துக்கு எந்த லேபிலும் பரிசோதனை கிடையாது. மாமியார் இப்போது, "இன்னிக்கு என்ன எடுத்தே? காட்டு" என்று கண்ணாடியைத் தேடுகிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சாக்கை எடுத்துப் போடுங்கள். முதலில் காற்று அடித்துப் பாருங்கள், நிற்கிறதா என்று.