முடி நடுறதுக்கு முன்னாடி: அந்த ரூம்ல யார் இருப்பாங்க?

இந்த வாரமும் பள்ளத்தூர்ல இருந்துதான் ரெக்கார்டிங். பின்னாடி கேட்கிறது பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தல் வேலை. இதை எழுத்துல படிக்கிறவங்க தப்பிச்சீங்க.

கல்யாண சீசன் வந்தா கூடவே இன்னொண்ணும் வருது. என் அயித்தை மகன் போன்ல சொன்னான்: "மாப்ள, மூணு மாசத்துல கல்யாணம். சென்னைல முடி நட ஆஃபர் போட்டிருக்காங்க. பகல்ல முடிச்சிட்டு ராத்திரி பஸ்ஸுல ஊருக்கு வந்துருவேன்." நட்ட முடி முதல் சில வாரத்துலயே பெரும்பாலும் கொட்டிரும். திரும்ப முளைக்க ஆரம்பிக்கவே மூணு, நாலு மாசம், முழுசாத் தெரிய ஒரு வருஷம்கூட ஆகும். ஆக, கல்யாண ஆல்பத்துக்கு அது உதவாது. இது சின்ன விஷயம்தான். பெரிய விஷயம் வேற.

2016 மே மாசம். சென்னை மருத்துவக் கல்லூரியில எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம் படிச்ச 22 வயசுப் பையன், நுங்கம்பாக்கத்துல ஒரு முடி நடுற சென்டருக்குப் போனார். சிகிச்சையில உடம்பு மோசமாகி, வேலூர் சி.எம்.சி.யில இறந்துட்டார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் லைசென்ஸ்தான், மயக்க மருந்து கொடுத்த டாக்டர் பாதியிலேயே கிளம்பிட்டார்னு செய்தி வந்தது. அந்த இடத்துக்கு அப்புறம் சீல் வச்சாங்க. டாக்டருக்குப் படிச்ச பையனுக்கே இந்த கதி. அதனால 'நான் நல்லா ரிசர்ச் பண்ணிட்டேன்'னு யாராவது சொன்னா எனக்கு பயம்தான் வருது.

நம்ம ஆபீஸ்ல ஒரு சின்ன ரிலீஸுக்கே ஆன்-கால்ல யாரு, ரோல்பேக் எப்படின்னு கேட்கிறோம்ல? இங்கயும் அதையே கேளுங்க. ஊசி போடுறவர் கடைசி வரைக்கும் ரூம்ல இருப்பாரா? ஆக்சிஜன், மானிட்டர், டிஃபிப்ரிலேட்டர் இருக்கா? ஏதாவது ஆனா எந்த ஐ.சி.யு.வுக்கு, எத்தனை நிமிஷத்துல கொண்டு போவாங்க? மழுப்பினாங்கன்னா அட்வான்ஸ் கட்டாம வந்துருங்க.

'வெறும் மரத்துப்போற ஊசிதானே'ன்னு சொல்வாங்க. ஒரு கணக்கு போடுவோம். லிக்னோகெய்ன், அட்ரினலின் கலந்து போட்டா பொதுவா கிலோவுக்கு 7 மில்லிகிராம் உச்சவரம்பு. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். 2% மருந்துல ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கும். அப்போ 21 மில்லிதான் எல்லை. அட்ரினலின் இல்லேன்னா இன்னும் கம்மி. முடி நடுறது பல மணி நேர வேலை, நடுநடுவுல திரும்பத் திரும்ப ஊசி போடுவாங்க. மொத்தம் எவ்ளோ போச்சுன்னு ஒருத்தர் எழுதிக்கிட்டே இருக்கணும். அளவு மீறினா வலிப்பு வரலாம், இதயம் நிக்கலாம். அதுக்கு முன்னாடி பல பேருக்கு உதட்டைச் சுத்தி மரத்துப்போகும், காதுல இரைச்சல் கேட்கும். அப்படித் தோணுச்சுன்னா கூச்சப்படாம உடனே சொல்லிருங்க.

அடுத்து, கத்தி பிடிக்கிறது யாரு? 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாவே சொல்லிருச்சு: ஒர்க்‌ஷாப்போ யூடியூப்போ பார்த்தது முடி நடப் போதுமான பயிற்சி ஆகாது. பிளாஸ்டிக் சர்ஜரில எம்.சிஹெச்., இல்லேன்னா தோல் மருத்துவத்துல எம்.டி. மாதிரி படிப்பும், அதுல பயிற்சியும் இருக்கணும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்'னு போர்டுல எழுதியிருந்தா அது என்ன பட்டம்னு கேளுங்க. பதிவு எண் வாங்கி, மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல நீங்களே தேடிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

கொழுப்பு எடுக்கிறதுன்னா இன்னும் கவனம். அதே 2022-ல பெங்களூருல, சீரியல் நடிகை சேதனா ராஜ் கொழுப்பு நீக்க சிகிச்சைக்குப் போய் இறந்தப்ப அவங்களுக்கு வயசு 21. அது ஐ.சி.யு. வசதியுள்ள ஆஸ்பத்திரியில மட்டும்தான் பண்ணணும்ங்கிறது என் கருத்து.

நம்ம பக்கமும் வேலை இருக்கு. சாப்பிடுற மாத்திரை, நாட்டு மருந்து, ஜிம் பவுடர் எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லணும். சிகரெட்டை நாலு வாரம் முன்னாடியே நிறுத்தணும். ஊருக்கு அன்னிக்கே கிளம்பாதீங்க. 400 கிலோமீட்டர் பஸ்ல, நடுராத்திரி மூச்சு வாங்கினாலோ ரத்தம் கசிஞ்சாலோ பார்த்த டாக்டர் பக்கத்துல இருக்க மாட்டார். ஒரு ராத்திரியாவது சென்னைலயே, கூட ஒரு ஆளோட தங்குங்க. அந்த டாக்டரோட சொந்த நம்பரையும் வாங்கி வச்சுக்கங்க, ரிசப்ஷன் நம்பர் இல்ல.