பூகோளம் படித்தால் கடன் அடையுமா?
வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு? பட்டதாரி வாலிபர்களுக்கு ஒரு கணக்கு

சென்னை,

"பூகோளமா? அதைப் படிச்சு என்னப்பா பண்ணப் போறே?"

பிளஸ்-2 முடித்த பையன் வாய் திறந்ததும் இப்படிக் கேட்காத மாமா, சித்தப்பா கிடையாது.

பூகோளத்துக்குப் பெயர் போன ஊரே இந்தச் சென்னைதான். 1794-ல் கோட்டை அருகே 8 பையன்களோடு தொடங்கிய சர்வே பள்ளிக்கூடம்தான் இன்றைய கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி. 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோ மீட்டர் நீள அந்தக் கோட்டில் இருந்துதான் இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது.

மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இப்போதும் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெருமை சரி. சோறு போடுமா?

சர்வேயர் ஆக முடியாது!

பூகோளம் படித்தால் சர்வேயர் ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் முதல் அடி விழுகிறது.

2022-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நில அளவர், வரைவாளர் வேலைக்கு ஆள் கேட்டது. கேட்ட தகுதி சிவில் டிப்ளமோ, அல்லது ஐ.டி.ஐ. சான்றிதழ் போன்றவை. 3 ஆண்டு வரைபடம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி, அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி உள்ளே போக முடியவில்லை!

வாத்தியார் வேலை

பூகோளப் பட்டதாரிக்கு நேர் வழி வாத்தியார் வேலை. அதற்கும் பி.எட். வேண்டும், தகுதித் தேர்வு தேற வேண்டும். 2023-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் பட்டதாரி ஆசிரியர்களைக் கேட்டபோது தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.36,400. பூகோளத்துக்கும் அதில் இடம் இருந்தது.

எம்.எஸ்சி. முடித்து 'நெட்' அல்லது 'செட்' தேறி, அரசு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆனால் தொடக்கமே ரூ.57,700.

ஆனால் இந்தத் தேர்வுகள் வருஷா வருஷம் வருவதில்லை. வங்கிக்காரரோ மாதா மாதம் வந்து நிற்பார்!

கடன் கணக்கு

வெளியூர்ப் பையன் ஒருவன் சென்னைக்குப் படிக்க வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் 3 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம்.

ரூ.4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு சொத்து ஜாமீன் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்காது. அந்த 4 ஆண்டில் வட்டி மட்டும் ரூ.90 ஆயிரம் ஏறி விடும். கட்ட வேண்டிய கடன் ரூ.3 லட்சத்து 90 ஆயிரம்.

இதை 10 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் ரூ.5,150. மொத்தம் ரூ.6 லட்சத்து 18 ஆயிரம்.

15 ஆண்டு என்றால் மாதம் சுமார் ரூ.4,190தான். "பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் மொத்தம் ஏழரை லட்சத்தைத் தாண்டி விடும்!

கையில் ரூ.15 ஆயிரம் வாங்குகிறவனுக்கு 10 ஆண்டுத் தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாடகை கொடுத்து, ஊருக்குப் பணம் அனுப்ப என்ன மிஞ்சும்? அரசு வாத்தியார் வேலை கிடைத்தவனுக்கோ அதே தவணை அடிப்படைச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்குதான்.

தவணை தவறினால் பையன் பெயர் மட்டும் கெடாது. கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பா பெயரும் கெடும். நாளைக்குத் தங்கச்சி படிப்புக்குக் கடன் கேட்கப் போனால் அங்கே இடிக்கும்.

மானியம் வருமா?

"வட்டியை சர்க்கார் கட்டிடும்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2009-ல் மத்திய அரசு கொண்டு வந்த வட்டி மானியம் தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. உங்கள் படிப்பு அதில் சேருமா என்று வங்கியில் முதலிலேயே கேளுங்கள்.

வழி இருக்கிறது

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியது. இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதி வாங்காமலே வரைபடம் தயாரிக்கலாம் என்று ஆனது. கேபிள் புதைக்க, வீட்டு வரி கணக்கெடுக்க, வெள்ளம் எங்கே தேங்கும் என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேப் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனிகளில் வெறும் பட்டம் செல்லாது. கம்ப்யூட்டரில் மேப் போடத் தெரிய வேண்டும். 'கியூ ஜி.ஐ.எஸ்.' என்ற மென்பொருள் இலவசம். கல்லூரியில் படிக்கும்போதே பழகிக்கொள்ளலாம். காசு செலவில்லை.

ஆகவே, பூகோளம் படிக்க ஆசையா? தாராளமாகப் படிக்கலாம். முதலில் அரசு கல்லூரியில் இடம் தேடுங்கள். கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். படிக்கும்போதே மாதம் 500, 1000 என்று வட்டியைக் கட்டி வந்தால் பின்னால் பாரம் குறையும்.

எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று படிக்கிற பிள்ளை, கடன் தன்னை எங்கே கொண்டு போய் விடும் என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.