திரையில் சைரன் அடித்தால்...!

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார்கள். கம்ப்யூட்டரில் வரும் அப்படி ஒரு பேயை நான் நேரிலேயே பார்த்தேன்.

போன செமஸ்டர் லீவில் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உதவிக்கு இருந்தேன். மதியம் சாப்பிட்டுத் திரும்பினால் கடைக்குள் ஒரே சைரன் சத்தம்!

"தம்பி, சீக்கிரம் வாடா! வைரஸ் பூந்துடுச்சாம். மைக்ரோசாஃப்ட்காரங்க லைன்ல இருக்காங்க."

திரை முழுக்கச் சிவப்பு. 'கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, அணைக்காதே, இந்த எண்ணுக்கு உடனே பேசு' என்று ஆங்கிலத்தில் மிரட்டல். மவுஸ் அசையவில்லை. போனில் இருந்த ஆள், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு சாஃப்ட்வேரை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கடையின் பேங்க் கணக்கை சித்தப்பா அதில்தான் பார்ப்பார். கடை வாடகை அதில்தான், என் அடுத்த செமஸ்டர் ஃபீஸும் அதில்தான்!

"சித்தப்பா, முதல்ல போனை வைங்க" என்று வாங்கி கட் பண்ணினேன்.

சரி, உண்மையில் நடந்தது என்ன? இலவச தளம் ஒன்றில் 'டவுன்லோடு' என்று வேஷம் போட்ட விளம்பரத்தை அவர் அமுக்கியிருக்கிறார். திறந்தது வெறும் ஒரு வெப் பக்கம். அதனால் நம் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவி வைரஸ் தேட முடியாது. நாம் ஒரு கிளிக் செய்ததும் முழுத்திரைக்குப் போகும், மவுஸ் அம்பை மறைக்கும், சத்தம் போடும், பெட்டிமேல் பெட்டியாகக் காட்டும். அவ்வளவுதான் அதன் வித்தை! அதிலுள்ள பெருக்கல் குறிகூடப் படமாக இருக்கலாம். அதையும் தொடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது.

இனி வைத்தியம்:

1. எஸ்கேப் கீயைச் சில விநாடிகள் விடாமல் அமுக்குங்கள். முழுத்திரை விலகும். பிறகு ஆல்ட், எஃப்4 சேர்த்து அமுக்கி பிரவுசரை மூடுங்கள்.

2. மசியவில்லையா? கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். இதை விண்டோஸே நேரடியாகக் கவனிப்பதால் எந்த வெப் பக்கமும் தடுக்க முடியாது. டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.

3. மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய பக்கம் தானாகவே வருகிறதா? நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து அந்த டேபை மூடுங்கள்.

4. பிரவுசர் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய், தெரியாத தளங்களுக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். மூலையில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் போலி எச்சரிக்கைக்கு பெரும்பாலும் இதுதான் வேர். தெரியாத எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதையும் தூக்குங்கள்.

எதிராளியை உள்ளே விட்டுவிட்டால் கதை வேறு. உடனே நெட்டைத் துண்டித்து, அந்த சாஃப்ட்வேரை நீக்கி, வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம். பேங்குக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அப்போதே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

இது சில்லறைத் திருடர் வேலை என்று நினைக்காதீர்கள். 2018-ல் மைக்ரோசாஃப்டின் புகாரின்பேரில் குருகிராம், நொய்டா பகுதிகளில் போலி கால் சென்டர்கள் பலவற்றில் போலீஸ் சோதனை நடந்தது. அங்கே வேலை பார்த்தவர்களும் நம்மைப் போன்ற இளைஞர்களே! வேலை தேடப் போகும் நாம் இதையும் யோசிக்க வேண்டும்.

எங்கள் கடையில் இரண்டாவது வழியிலேயே பேய் ஓடிவிட்டது. "இவ்வளவுதானாடா?" என்றார் சித்தப்பா. பிறகு வெகுநேரம் பேசவே இல்லை. "இத்தனை வருஷம் கடை நடத்துறேன், ஏமாறப் பார்த்தேனே" என்றார் கடைசியில். "பயந்தா யாரும் ஏமாறுவாங்க சித்தப்பா" என்றேன்.

மறுநாள் மானிட்டருக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'சத்தம் போட்டால் போன் போடாதே. எஸ்கேப்பை அமுக்கு.'

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இன்றே அப்படி ஒரு சீட்டு ஒட்டுங்கள். நாம் படிக்கும் படிப்பு முதலில் வீட்டுக்கு உதவட்டும்!