முயல் குட்டியைக் கையில் எடுக்கும் முன்

இளவேனில் பிறந்ததும் ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீட்டுப் புல்தரைகளில் பஞ்சுவால் முயல்கள் ஈனத் தொடங்கிவிடும். அங்கே வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. புல் வெட்டும்போது காய்ந்த புல் திட்டு ஒன்று விலகும். அடியில் உள்ளங்கை அளவுக் குழி. தாய் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் பரப்பிய சாம்பல் நிற உரோமத்துக்குள் கண் திறக்காத நான்கைந்து குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும். சுற்றிலும் தாயைக் காணோம். இரக்கமுள்ள எவருக்கும் அவற்றை உள்ளே எடுத்துப் போய்ப் பாலூட்டத்தான் தோன்றும். ஆனால் அந்தக் குட்டிகளுக்கு நேரக்கூடிய ஆபத்துகளில் பெரியது இதுதான். தாய் பக்கத்தில் இல்லாத குட்டி அனாதைக் குட்டி அல்ல. பெரும்பாலும் மறுவாழ்வு என்பது அதை அதன் குழியிலேயே விட்டுவைப்பதுதான்.

தாய் ஏன் அருகில் இல்லை

முயலுக்குச் சண்டையிடும் பலம் கிடையாது. மறைந்திருப்பதுதான் அதன் பாதுகாப்பு. தாய் குழியருகே உட்கார்ந்திருந்தால் அதன் வாசனையே நரியையும் பூனையையும் அழைத்து வந்துவிடும். அதனால் விடியலிலும் அந்தியிலும் மட்டும் வந்து, சில நிமிடங்களில் பாலூட்டிவிட்டு, குழியை மூடிவிட்டு விலகிவிடுகிறது. பகல் முழுக்க ஜன்னலோரம் காத்திருந்தும் தாய் வரவில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பகலில் அது வராது. ஐயம் தீர எளிய வழி உண்டு. குழியின் மேல் மெல்லிய குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துவிட்டு மறுநாள் காலை பாருங்கள். குச்சிகள் கலைந்திருந்து, குட்டிகளின் வயிறு புடைத்திருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. மெல்லிய தோலின் வழியே வயிற்றுக்குள் பால் வெள்ளையாகத் தெரிவதைக்கூடப் பார்க்கலாம்.

பால்தான் சிக்கல்

'வீட்டில் பால் இருக்கிறதே, பிறகென்ன?' என்ற கேள்விக்கு விடை குட்டியின் வயிற்றில் இருக்கிறது. பசும்பாலில் கொழுப்பும் புரதமும் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம். வளர்ப்பு முயலின் பாலில் இரண்டுமே 10 சதவீதத்தைத் தாண்டும். பால்சர்க்கரையோ மிகக் குறைவு. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. தாய்ப்பாலின் கொழுப்பு குட்டியின் இரைப்பையில் கிருமிகளை அடக்கும் அமிலங்களாக மாறுகிறது என்பது வளர்ப்பு முயல்களில் 1960களிலேயே கண்டறியப்பட்டது. வேறு பாலில் வளரும் குட்டிக்கு இந்தக் காவல் கிடைப்பதில்லை. குடலில் தவறான நுண்ணுயிர்கள் பெருகி, வயிறு உப்பி, கழிச்சல் கண்டு இறந்துபோகிறது. பசியாறட்டும் என்று வேகமாகப் புகட்டும்போது பால் மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வருவதும் உண்டு. இவற்றோடு பயமும் சேர்கிறது. மனிதக் கையும் நாயின் குரைப்பும் தொலைக்காட்சிச் சத்தமும் காட்டு முயலுக்கு இரைகொல்லியின் வருகைதான். அந்த அதிர்ச்சியே அதைக் கொல்லப் போதும்.

தொட்டுவிட்டால் தாய் ஒதுக்குமா

தலைமுறைகளாகச் சொல்லப்படும் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. மனித வாசனை பட்டதற்காகத் தாய் முயல் குட்டியைக் கைவிடுவதில்லை. தவறுதலாக எடுத்துவிட்டாலும் அன்றே அதே குழியில் வைத்து, உரோமத்தாலும் காய்ந்த புல்லாலும் மூடிவிடலாம். இன்னொரு ஆட்சேபம் கனமானது: 'வெளியே விட்டால் பூனை தின்றுவிடாதா?' தின்னக்கூடும். பஞ்சுவால் முயல்களில் பெரும்பாலானவை ஓராண்டைக் கடப்பதில்லை. ஆனால் அந்த ஆபத்தோடு ஒப்பிட வேண்டியது அனுபவமில்லாத கையில் குட்டி வளர்வதன் ஆபத்தைத்தான். தாயிடம் இருக்கும் குட்டிக்கே வாய்ப்பு அதிகம். நம் வீட்டு நாயையும் பூனையையும் அந்தச் சில வாரங்கள் கட்டுப்படுத்துவது நம் கையில் இருக்கிறது. காதுகள் நிமிர்ந்து, டென்னிஸ் பந்து அளவுக்கு வளர்ந்த குட்டி தனியே திரிந்தால் அதைத் தேடிப் பிடிக்கவே வேண்டாம்; அது தாயைப் பிரிந்து வாழும் வயதை எட்டிவிட்டது.

உதவி தேவைப்படும் குட்டி

இரத்தம் கசிகிறது, எலும்பு முறிந்திருக்கிறது, ஈ முட்டையிட்டிருக்கிறது, உடல் குளிர்ந்து துவண்டுவிட்டது, தாய் செத்துக் கிடப்பதைக் கண்டீர்கள் என்றால் தாமதிக்கக் கூடாது. பூனை கவ்விய குட்டியைக் காயம் தெரியாவிட்டாலும் காயம்பட்டதாகவே கொள்ள வேண்டும். பூனையின் பல் நுழைந்த இடம் ஊசிக்குத்து அளவுதான், ஆனால் அதன் வாய்க் கிருமி உள்ளே போய்விடும். கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள சிறு அட்டைப்பெட்டியில் மென்துணி விரித்துக் குட்டியை வையுங்கள். துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தால், சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். குளிர்ந்த உடல் எதையும் செரிக்காது. இருட்டான, சத்தமில்லாத அறையில் வைத்துவிட்டு, உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தை அழையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுப்பது விபரீதத்தில் முடியும். அமாக்சிசிலின் போன்ற மருந்தை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து உயிரே போகும்.

மனிதர் உடல்நலமும்

காட்டு முயல் துலரேமியா என்ற பாக்டீரியா நோயைச் சுமக்கலாம். 'முயல் காய்ச்சல்' என்பது இதற்கு வழங்கும் இன்னொரு பெயர். நோயுற்ற விலங்கைக் கையாள்வதாலும் உண்ணிக்கடியாலும் தொற்றும். காய்ச்சல், தோல் புண், நெறிகட்டு ஆகியவை அறிகுறிகள். உரிய ஆன்டிபயாட்டிக்கால் குணமாகும், ஆனால் முயலைத் தொட்டதை மருத்துவரிடம் சொன்னால்தான் அவர் இந்தப் பக்கம் யோசிப்பார். 2000ஆம் ஆண்டு மாஸசூசெட்ஸின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் 15 பேருக்கு இந்நோய் வந்து ஒருவர் இறந்தார். புல்லும் புதரும் வெட்டியதற்கும் தொற்றுக்கும் தொடர்பிருப்பதாக விசாரணையில் தெரிந்தது. எனவே புல்வெட்டியை இயக்கும் முன் தரையை ஒருமுறை நடந்து பாருங்கள். காய்ந்த புல் திட்டு தெரிந்தால் சுற்றிலும் சில அடி விட்டு வெட்டுங்கள். மூன்று வாரத்துக்குள் குழி காலியாகிவிடும். அதன் பிறகு அந்த இடத்தையும் வெட்டிக்கொள்ளலாம்.